பாக்கணும் ஐயாவின் வெல்வெட் எறும்புகள்

இலங்கை மலைநாட்டில், வலப்பனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் டிஸ்பென்சரியில் மிட்வைஃப் வேலைக்குப் போய்ச் சேர்ந்த அன்று, அங்கே பொறுப்பாக இருந்தவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "இங்க ராத்திரியில குளிர் ஜாஸ்தியா இருக்குங்களா ஐயா?" என்பது. புது இடத்துக்கு வந்தவள் மரியாதைக்குக் கேட்கிற கேள்விதான். அவர் ஜன்னலைப் பார்த்தார். என் டிரங்குப் பெட்டியைப் பார்த்தார். பிறகு, "ராத்திரிக்குப் பாக்கணும்" என்றார். அந்தத் தோட்டத்துக்கு அவர் வந்து அப்போதே பல வருஷம் ஆகியிருந்தது.

படிப்பால் அவர் மருந்து கலந்து கொடுக்கிறவர். ஆனாலும் தோட்டத்துக்கு அவர்தான் டாக்டர் ஐயா. முதுகுக்குப் பின்னால் பாக்கணும் ஐயா. ஒடிசலான நெட்டை உருவம். காக்கிக் கால்சட்டை, முழங்கையில் ஒட்டுப்போட்ட கோட்டு, கோட்டுப் பையில் பூதக்கண்ணாடி, சின்ன இடுக்கி, ஒட்டக மயிர்த் தூரிகை. ஒருவர் காய்ச்சல் என்று வந்து, "மலேரியாங்களா ஐயா?" என்றால் "ரத்தத்தைப் பாக்கணும்." பிள்ளைத்தாய்ச்சியின் மாமியார், "பையனா இருக்குமா?" என்றால் "பொறந்தப்புறம் பாக்கணும்." இதில் கேலி எதுவும் கிடையாது. முழு அக்கறையோடுதான் சொல்வார். அவருடைய மனைவி என்னிடம் ஒரு முறை அலுத்துக்கொண்டார்: "குழம்புல உப்பு சரியான்னு கேட்டா இன்னொரு வாய் போட்டுக்கிட்டு யோசிப்பாரும்மா. அவரு முடிவு சொல்றதுக்குள்ள சோறு ஆறிப்போயிரும்."

பார்க்காமல் சொல்லமாட்டார். பார்த்துவிட்டும் அவசரப்பட்டுச் சொல்லமாட்டார். இந்தக் குணத்தை அவர் எங்கே கற்றார் என்று முதலில் எனக்குப் புரியவில்லை. ஒரு மாதம் கழித்துத்தான் அந்த அலமாரியைத் திறந்து காட்டினார்.

மருந்துப் புட்டிகளுக்குக் கீழ்த்தட்டில், கற்பூர வாசனை அடிக்கும் மரப்பெட்டிகள். உள்ளே ஊசி குத்தி வரிசையாக நின்றவற்றை நான் எறும்பு என்று நினைத்தேன். எறும்புதான், ஆனால் உடம்பெல்லாம் வெல்வெட் துணி போர்த்தியது மாதிரி மயிர். சிலது துரு நிறம், சிலது கறுப்பு, முதுகில் வெள்ளிப் பொட்டு வைத்தவை சில.

"எறும்பு இல்லம்மா" என்றார். "குளவி. பொம்பளைக்கு றெக்கை கிடையாது. அதனால எறும்பு மாதிரி தெரியுது. ஆம்பளைக்கு றெக்கை உண்டு. ரெண்டையும் பக்கத்துல வச்சா ஒரே சாதின்னு பெத்த தாயே நம்பமாட்டா."

வெல்வெட் எறும்பு என்று அவற்றுக்கு இங்கிலீஷில் பெயராம். மண்ணுக்குள் கூடு கட்டும் மற்றக் குளவிகளின், தேனீக்களின் வீட்டில் புகுந்து முட்டையிடுமாம். அவற்றிலும் இரவில் நடமாடுகிறவை மேல்தான் அவருக்குப் பிரியம். அவற்றைப் பற்றித் தெரிந்தவர்கள் குறைவு. பெண் பொழுது சாய்ந்த பிறகு புல்லுக்குள் நடக்கும். ஆண் விளக்குக்குப் பறந்து வரும். இரண்டையும் ஒரே இடத்தில் யாரும் பார்ப்பதில்லை. ஆகவே ஓர் ஆள் ஆணுக்கு ஒரு பெயர் வைத்துவிடுவார், இன்னொருவர் பெண்ணுக்கு வேறு பெயர். இரண்டும் இரண்டு இனமாகப் புத்தகத்தில் ஏறிவிடும். பிறகு பிரிந்த குடும்பத்தைச் சேர்த்துவைக்க ஆளில்லை. இதைச் சொல்லும்போது அவர் குரலில் உண்மையிலேயே வருத்தம் இருந்தது.

சாயங்காலத்தில் நோயாளிகள் போனதும் அவர் வேலை தொடங்கும். கொக்கிப்புழு பார்க்கத் தோட்டம் வாங்கிக் கொடுத்திருந்த மைக்ரோஸ்கோப்பின் கீழே பூச்சியை வைத்து, தலை எவ்வளவு அகலம், கண் எவ்வளவு பெரிது, முதுகில் குழிகள் நெருக்கமா விலகலா, இறக்கையில் நரம்பு எப்படி ஓடுகிறது என்று வரிவரியாக எழுதுவார். நிறத்துக்கு வந்தால் என்னைக் கூப்பிடுவார்.

"இது என்னா நிறம்மா?"

"செம்பு நிறங்க."

"கழுவுன செம்பா, கழுவாத செம்பா?"

"கழுவி ரெண்டு நாளான செம்பு."

அதை அவர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு ஆளனுப்பித் தண்ணீர்ச் செம்பை வரவழைத்தார். அன்று அவர் மனைவியே செம்போடு வந்து சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

நான் அந்த மனிதரை வெறுத்த சில வாரங்களும் உண்டு. என் இடது முன்கையில் காசளவுக்கு ஒரு வெளிறிய தேமல் வந்தது. அதைத் தொட்டால் மரத்தமாதிரி இருந்தது, அல்லது இருப்பதாக எனக்குத் தோன்றியது. நர்ஸ் படிப்புப் படித்தவளுக்கு அது எந்த நோயாக இருக்கலாம் என்று தெரியாதா? பிள்ளை பெறுகிறவளைத் தொட்டு வேலை செய்கிறவள் நான். குஷ்டம் என்றால் வேலை போகும், இருக்கிற அறை போகும், பார்த்து வைத்திருந்த மாப்பிள்ளையும் போவான். அவரிடம் கையை நீட்டினேன்.

"இல்லன்னு சொல்லுங்க ஐயா."

"பாக்கணும்மா."

கண்ணை மூடச் சொன்னார். பூச்சிகளைத் துடைக்கும் அதே தூரிகையால் கையில் அங்கங்கே தொட்டு, "இங்க? இப்ப?" என்று கேட்டார். ஊசிமுனையால் கேட்டார். சுடுநீர் நிரப்பிய கண்ணாடிக் குழாயும் பச்சைத்தண்ணீர்க் குழாயும் வைத்துக் கேட்டார். எதுவும் சொல்லவில்லை. அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரம் தோலைச் சுரண்டிக் கண்ணாடியில் தேய்த்து மைக்ரோஸ்கோப்பின் முன்னால் உட்கார்ந்தவர் மத்தியானச் சாப்பாட்டுக்கும் எழுந்திருக்கவில்லை. நான் மருந்து அறைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். ஒரு ஆறுதல் வார்த்தை சொன்னால் இந்த மனிதருக்கு என்ன குறைந்துபோகும் என்று மனதுக்குள் திட்டித் தீர்த்தேன்.

கடைசியில் தலையைத் தூக்கி, "இல்ல" என்றார். "வெறும் தேமல்தாம்மா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதுவரை எத்தனையோ பேர் எனக்கு "ஒண்ணும் இருக்காது, பயப்படாத" என்று சொல்லியிருந்தார்கள். அந்த வார்த்தைகள் ஒன்றும் செய்யவில்லை. இவருடைய "இல்ல" என் கையிலிருந்து எதையோ உருவி எறிந்த மாதிரி இருந்தது. அன்றிரவு நான் நன்றாகத் தூங்கினேன்.

அப்படிப்பட்டவர் ஒரே ஒரு முறை, பார்க்காமல் ஒன்றைச் சொல்லிவிட்டார்.

டிஸ்பென்சரி வராந்தாவில் தொங்கிய பெட்ரோமாக்ஸ் விளக்குக்குச் சித்திரை மாதத்தில் ஒரு பூச்சி வரும். தேன் நிறம், மெலிந்த உடம்பு, முகம் முழுக்கக் கண், புகை படிந்த இறக்கை. வெல்வெட் எறும்புகளில் ஆண். எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. அதன் பெண் எது என்று அவருக்குத் தெரியவில்லை. பல சித்திரைகள் காத்திருந்தார். கொழும்பில் பூச்சி ஆராய்ச்சி செய்கிற ஒரு பெரியவரோடு அவருக்குப் பழக்கம். அந்தப் பெரியவர், "இது புது இனம்தான். பெண்ணுக்காகக் காத்திருந்தால் ஆயுசு போய்விடும். ஆணை மட்டும் வைத்து எத்தனையோ பேர் பெயர் வைத்திருக்கிறார்கள். நீங்கள் எழுதி அனுப்புங்கள், அச்சில் போடலாம்" என்று விடாமல் வற்புறுத்தினார். தோட்டத்தை நிர்வகித்த துரையும் சேர்ந்துகொண்டார். தோட்டத்தின் பெயரையே பூச்சிக்கு வைக்கலாம் என்று யோசனை சொன்னதும் அவர்தான்.

அது தொழிலாளர் குடியிருந்த லயங்களுக்கும் எட்டியது. பிரஜாவுரிமை மனு எழுதிக்கொண்டு எங்கள் ஆட்கள் அரசாங்கக் கச்சேரிக்கும் தோட்டத்துக்குமாக அலைந்துகொண்டிருந்த காலம் அது. "நம்ம தோட்டத்துப் பேரு சீமைப் புத்தகத்துல வருதாமே!" என்று காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பேச்சு. மருந்துக்கு வந்தவர்கள் பூச்சியைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போனார்கள். இவ்வளவு பேருடைய சந்தோஷத்துக்கு முன்னால் மறுக்க முடியாமல் அவர் எழுதி அனுப்பிவிட்டார்.

அதன் பிறகு மனிதர் சரியாகச் சாப்பிடவில்லை. கண்ணுக்குக் கீழே கறுத்துப்போனது. "ராத்திரியில எந்திரிச்சு எந்திரிச்சுப் பொட்டியத் திறந்து பாக்குறாரும்மா" என்றார் அவர் மனைவி. "கேட்டா, அந்தப் பொம்பளை எங்கயோ இருக்கா, அவளைப் பாக்காம நான் பேர் வச்சுட்டேன்ங்கிறாரு. அக்கம்பக்கத்துல கேக்குறவங்க என்னா நினைப்பாங்க?"

இந்த நிலையில்தான் ஒரு நாள் பொழுது மங்குகிற வேளையில், கொழுந்து பறிக்கும் செல்லம்மாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

பறித்த கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டுக் கடைசியாக இறங்கி வந்தவள், புல் மேட்டில் உட்கார்ந்து இடுப்பில் சுற்றும் படங்குச் சாக்கை உதறிக் கட்டியிருக்கிறாள். இரண்டடி நடந்ததும் முழங்காலுக்குப் பின்னால் ஏதோ கடித்திருக்கிறது. அந்த மேட்டில் விரியன் பாம்பு உண்டு. கம்பளியில் கிடத்தி நாலு பேர் தூக்கி வந்தார்கள். தொடையில் கயிறு இறுக்கிக் கட்டியதில் கால் நீலம் பாய்ந்திருந்தது. அவள் போட்ட கூச்சல் மலைக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். அவள் புருஷன் மாரிமுத்துவின் கையில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி.

"கீறி ரத்தத்தை வடிக்கணுங்க ஐயா! வழியிலயே கீறியிருப்பேன், இவனுங்க விடல!"

"இரு. பாக்கணும்."

"என்னாத்தப் பாக்குறது? நீங்க பாத்து முடிக்கிறதுக்குள்ள இவ செத்துருவாய்யா!" மாரிமுத்து அவருடைய கோட்டைப் பிடித்து உலுக்கிவிட்டான். நான் பதறிப்போனேன். அவர் அந்தக் கையைத் தட்டிவிடக்கூட இல்லை. கோட்டு அவன் கையில் இருக்க, பூதக்கண்ணாடியோடு குனிந்தார்.

ஒரே ஒரு துளை. ரத்தக் கசிவு இல்லை. வீக்கமும் பெரிதாக இல்லை. வலிதான் உயிர் போகிற வலி.

"கடிச்சப்ப ஏதும் சத்தம் கேட்டுச்சாம்மா?"

"ஐயோ, நான் கத்துன சத்தந்தாங்க கேட்டுச்சு!"

"அந்தப் படங்கைக் கொண்டாங்க."

வெள்ளைத் துணி விரித்து, விளக்கைக் கிட்ட வைத்து, படங்கை ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்தார். அவர் விரல்கள் ஒரு மடிப்பை அழுத்தியபோது உள்ளேயிருந்து மெல்லியதாகக் கீச்சென்று ஒரு சத்தம். அடுத்த மடிப்பிலிருந்து ஒன்று வெள்ளைத் துணியில் விழுந்து ஓடியது. துரு நிறம், முதுகில் இரண்டு வெளிர் பொட்டு, இறக்கை இல்லை. இடுக்கியால் பிடித்தார். அது கீச்சிட்டுக்கொண்டே வாலை வளைத்து, உடம்பில் பாதி நீளத்துக்குக் கொடுக்கை வெளியே நீட்டிக் காற்றில் குத்தியது. எல்லோரும் பார்த்தார்கள்.

"பாம்பு இல்ல" என்றார்.

அவர் வாயால் "இல்ல" என்று வந்துவிட்டது. செல்லம்மாகூட ஒரு நிமிஷம் கூச்சலை நிறுத்தினாள்.

"வலி விடியிற வரைக்கும் இருக்கும். உசுருக்கு ஒண்ணும் இல்ல. கயித்தை அவுருங்க. இருந்தாலும் இன்னிக்கு இங்கயே இருக்கட்டும், நான் பாக்கணும்."

மாரிமுத்து கத்தியைக் கீழே போட்டுவிட்டுச் சுவரோரமாகக் குந்தினான். கொஞ்ச நேரம் கழித்துக் கோபம் வந்தது. அந்தப் பூச்சியைக் கொல்லாமல் விடமாட்டேன் என்றான். அதைக் கண்ணாடிப் புட்டிக்குள் விட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி, வராந்தா ஜன்னல் திண்டில் வைத்தார் ஐயா. "நீயே காவலிரு. காலையில பேசிக்குவோம்." விளக்கை நாங்கள் செல்லம்மா படுத்திருந்த அறைக்குக் கொண்டுபோனோம். வராந்தா இருட்டாகிவிட்டது.

நான் அவள் காலுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தேன். வெளியிலிருந்து மாரிமுத்துவின் குரல் வந்தது. "ஐயா, இங்க வந்து பாருங்க. இதைத் தேடிக்கிட்டு யாரோ வந்திருக்காங்க."

டார்ச் விளக்கோடு போனோம். புட்டியின் வாய்த்துணியில் தேன் நிறப் பூச்சிகள். முகம் முழுக்கக் கண், புகை படிந்த இறக்கை. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு துணிக்குள் தலையை நுழைக்கப் பார்த்தன. விளக்கு அங்கே இல்லை. விளக்கைத் தேடி அவை வரவில்லை.

ஐயா புட்டியை எடுத்துக்கொண்டு வராந்தாவின் மறுகோடிக்கு நடந்தார். அவையும் பின்னால் போயின. கட்டடத்தைச் சுற்றி விறகுக் கொட்டகைக்குக் கொண்டுபோனார். அங்கேயும் வந்தன. அப்படியும் அவருக்குப் போதவில்லை. வெறும் புட்டி ஒன்றைத் துணி கட்டி என் கையில் கொடுத்து, முற்றத்து மூலையில் நிற்கச் சொன்னார். நான் முட்டாள் மாதிரி புட்டியை ஏந்திக்கொண்டு நின்றேன். என்னிடம் ஒன்றும் வரவில்லை. பிறகு துணியை விலக்கி ஒரே ஒரு ஆணை உள்ளே விட்டார். அது நேரே அவளிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. மாரிமுத்து வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"ரெண்டும் ஒண்ணு" என்றார் ஐயா.

அந்தப் பெண்பூச்சி அவருக்குப் புதிதல்ல. அவர் பெட்டியிலேயே பல இருந்தன. எப்போதோ ஒரு வெள்ளைக்காரர் அதற்குப் பெயர் வைத்துப் புத்தகத்திலும் போட்டுவிட்டார். அப்படியானால் இந்த ஆணுக்கும் அதே பெயர்தான். புது இனம் இல்லை. தோட்டத்துப் பெயரும் இல்லை. விஷயம் தெரிந்தவர்கள் இந்தக் கொட்டகையில் நாங்கள் மூன்று பேர். அதிலும் மாரிமுத்துவுக்கு இதன் அர்த்தம் தெரியாது, நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை. அவர் பேசாமல் இருந்துவிட்டால் உலகத்தில் யாருக்குத் தெரியப்போகிறது?

அவர் விறகுக் கட்டையின் மேல் உட்கார்ந்து, "நல்லவேளை" என்றார். மறுபடியும், "நல்லவேளை, நல்லவேளை."

"என்னாங்க ஐயா நல்லவேளை? உங்க பூச்சி போச்சே!"

"பூச்சி எங்கயும் போகலம்மா, அந்தா இருக்கு. நான் சொன்ன பிழைதான் போச்சு." அப்புறம் சட்டென்று எழுந்தார். "அச்சுல ஏறிட்டா போகாதே! விடிஞ்சதும் கொழும்புக்குச் சொல்லணும்."

சித்திரை இடியில் தோட்டத்து ஆபீஸ் டெலிபோன் செத்துக் கிடந்தது. காலையில் செல்லம்மா எழுந்து உட்கார்ந்து தேத்தண்ணீர் கேட்டாள். அவளைத் தன் மனைவியின் பொறுப்பில் விட்டுவிட்டு ஐயா முதல் பஸ் ஏறினார். "நீங்களும் பாத்தீங்கல்ல, வாங்க" என்று என்னையும் கூட்டிக்கொண்டார்.

வலப்பனைத் தபால் கந்தோரில் கொழும்புக்கு லைன் கிடைக்க வெகு நேரமானது. கிடைத்ததும் அந்த மெல்லப் பேசும் மனிதர் தொண்டை கிழியக் கத்தினார். ஆணும் பெண்ணும் ஒன்று, நிறுத்துங்கள், நான் என் கண்ணால் பார்த்தேன் என்று இங்கிலீஷில் திரும்பத் திரும்ப. சிங்களத் தபால் மாஸ்டர், "ஹெமின், மாத்தயா, ஹெமின்!" என்று கையால் அமர்த்திப் பார்த்தார். மெதுவாகப் பேசினால் கொழும்பில் கேட்கவேண்டுமே! கடைவீதி முழுக்க எட்டிப் பார்த்தது. எதிர்ச் சாரியில் துணிக்கடை வைத்திருந்த முதலாளி என்னிடம் வந்து தாழ்ந்த குரலில் விசாரித்தார்: "யாரு கல்யாணம்மா நிக்கிது?"

"நிக்கலைங்க. நேத்து ராத்திரியே நடந்து முடிஞ்சுருச்சு" என்றேன்.

ஐயா ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினார். முகம் வேர்த்திருந்தது. "இன்னும் அச்சுக்குப் போகலையாம்" என்றார். பிறகு எதிர்க்கடையில் எங்கள் இருவருக்கும் இட்டிலி சொன்னார். உப்பைப் பற்றி யோசிக்காமல் சாப்பிட்டார். எழுதி அனுப்பியதைத் திருப்பி வாங்கி, பின்னால் அதே பூச்சியின் ஆண் இப்படி இருக்கும் என்று ஒரு சின்னக் குறிப்பாகப் போட்டார். உண்மையிலேயே புதிதான இரண்டு மூன்று இனங்களை அடுத்த சில வருஷங்களில் அவர் விவரித்தார். ஒவ்வொன்றிலும் ஆணும் பெண்ணும் சேர்ந்தே இருந்தன. ஆனால் அந்த வலப்பனைக் காலையில் அவர் சாப்பிட்ட மாதிரி பிறகு நான் பார்த்ததில்லை.

திரும்பி வந்தபோது டிஸ்பென்சரி வாசலில் மருந்துக்கு வந்த கூட்டம். மாரிமுத்து மூலம் விஷயம் பாதி பரவியிருந்தது.

"ஐயா, நம்ம தோட்டத்துப் பேரு இல்லைங்களாமே?" என்று ஒரு பெரியவர் கேட்டார். குரலில் ஏமாற்றம் தெரிந்தது.

"இல்லப்பா. அதுக்கு ஏற்கனவே பேரு இருக்கு. பொஞ்சாதிக்கு வச்ச பேருதான் புருஷனுக்கும்."

உள்ளே பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த செல்லம்மா புருஷனைப் பார்த்தாள். "கேட்டுக்கிட்டியா? இனிமே உன்னைய யாராச்சும் பேரு கேட்டா செல்லம்மான்னு சொல்லு."

வாசல் முழுக்கச் சிரிப்பு. கேட்ட பெரியவரும் சிரித்துவிட்டார். ஐயா சிரித்தபடியே நாற்காலியில் உட்கார்ந்தார். முதல் நோயாளியைக் கூப்பிடு என்று எனக்குக் கை காட்டினார். நான் வாசலுக்குப் போய் ஒரு பிள்ளைக்காரியை அழைத்துக்கொண்டு திரும்புவதற்குள், தலை ஒரு பக்கம் சாய, வாய் லேசாகத் திறந்திருக்க, அவர் தூங்கிப்போயிருந்தார்.

எழுப்பலாமா என்று நான் தயங்கினேன். பிள்ளைக்காரி, "வேணாம்மா" என்று சைகை காட்டினாள். வாசலில் யாரோ இருமியதற்கு இன்னொருத்தி அதட்டினாள். மாரிமுத்து காற்று அடிக்காமல் ஜன்னல் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினான். தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவந்த அவர் மனைவி, வாசற்படியில் நின்று புருஷனின் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். சட்டியைக் கீழே வைத்தார். பிறகு நோயாளிகளோடு நோயாளியாகப் பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்துகொண்டு, "எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றார்.